வெறும் தண்ணி

இறக்கம் தொடங்கியதும் சின்னு பிரேக்கின் மேலிருந்த விரல்களை எடுத்துவிட்டாள்.

விடிந்ததிலிருந்து ஏறிய ஏற்றம் அது. பாதி தூரம் மிதித்து, பாதி தூரம் சைக்கிளைத் தள்ளி, ஒரு வளைவில் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதும்விட்டுத்தான் உச்சிக்கு வந்து சேர்ந்திருந்தாள். இப்போது சாலையே அவளை இழுத்துக்கொண்டு போனது. காற்று காதை அடைத்தது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கட்டியிருந்த பைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கண்ணில் வழிந்த நீர் காது வரை ஓடியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, சட்டென்று மரங்கள் விலகின. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஏரி கிடந்தது.

அவள் கத்தினாள். வார்த்தை ஒன்றும் இல்லை, சத்தம்தான். நாற்பத்து மூன்று வயதில், தன் தொண்டைக்குள் இவ்வளவு பெரிய சத்தம் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. ஆளில்லாத சாலைதானே என்று இன்னொரு முறை கத்தினாள்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசல் குழாயில் கையைக் குவித்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். கடைக்காரப் பெண் கல்லாவில் இருந்தபடியே அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க?"

"தனியாத்தான்."

"வீட்ல எப்படி விட்டாங்க?"

"அவங்க எங்க விட்டாங்க? நான்தான் அவங்களை விட்டுட்டு வந்துட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். சின்னு டீயை வாங்கி வைத்துவிட்டு, ஏரியைப் படம் பிடித்து அப்பாவுக்குக் காட்டலாம் என்று பையிலிருந்து போனை எடுத்தாள். மலைமேல் சிக்னல் இல்லாமல் கிடந்த போன் கையிலேயே அதிர ஆரம்பித்தது. தவறிப்போன அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் அண்ணன் எண்ணிலிருந்து.

அவள் திருப்பிக் கூப்பிட்டாள். எடுத்தது அண்ணி.

"சின்னு, எங்கம்மா இருக்கே?"

"ஏரிக்கு வந்துட்டேன் அண்ணி! அப்பா காதுல போனை வைங்களேன், ஒரு விஷயம் சொல்லணும்."

அண்ணி, "சைக்கிள்ல இருக்கியா? இறங்கிட்டியா?" என்று கேட்டாள்.

"இறங்கிட்டேன்."

"எங்கயாவது உக்காரும்மா."

சின்னு உட்காரவில்லை. "எப்போ?" என்று கேட்டாள்.

"காலைல சாப்பிட்டார். கொஞ்ச நேரத்துல கண்ணசந்தார். அப்படியே போயிட்டாரும்மா. தூக்கத்துலயே. ஒரு கஷ்டமும் படல."

"அண்ணன்?"

"இங்கதான் இருக்கார். யார்கூடவும் பேச மாட்டேங்கிறார்."

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் தான் அந்த மலைமேல் இருந்தோம் என்று அறிய, சின்னு கணக்குப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. டீ ஆறி ஆடை படர்ந்திருந்தது.

*

அப்பா டவுன் பஸ் டிரைவர். வேலை செய்த காலம் முழுக்க ஒரே தடம். பஸ் நிலையத்திலிருந்து ஆலை வரை, ஆலையிலிருந்து பஸ் நிலையம் வரை. ஓய்வு பெற்ற மறு வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதையும் வாங்கிக்கொண்டது. பேச்சில் பாதி போயிற்று. விழுங்குவதும் கெட்டுப்போயிற்று. வெறும் தண்ணீர் ஒரு மடக்கு போனாலும் அது நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதனால் தண்ணீரில் ஒரு பவுடரைக் கலக்கவேண்டும். கலக்கிச் சற்று நேரம் வைத்தால் அது கெட்டியாகிவிடும். கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக நிமிர்த்தி, தாடையைக் கீழே தாழ்த்தச் சொல்லி, கரண்டி கரண்டியாக ஊட்டவேண்டும். அப்பா அதற்குப் பசை என்று பேர் வைத்திருந்தார்.

"பசை வேணாம். வெறும் தண்ணி," என்பார் கோணிய வாயால்.

"வெறும் தண்ணி கிடையாதுப்பா."

"ஒரு வாய்."

"அரை வாய்கூடக் கிடையாது."

ஏழு வருடம் இதே பேச்சு. பல் லேபில் மற்றவர்களுக்குப் பல் செட் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அந்தக் குரல் வரும். முதலில் அவள் வாசலிலேயே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவாள். பிறகு காது பழகிக்கொண்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருந்தாள். அவளிடமும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், எவ்வளவு கெஞ்சினாலும் கூடாது என்று.

லேபுக்குப் போய்வர வாங்கிய சைக்கிள்தான். அது எப்படி அவளைப் பிடித்துக்கொண்டது என்று தெரியவில்லை. முதலில் வேலைக்கு, பிறகு ஞாயிறுகளில் ஊருக்கு வெளியே ஆறு வரை, அப்புறம் அடுத்த ஊர் வரை. போன மாதம் அண்ணனிடம் கேட்டாள். ஒரு வாரம் அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா, மலையைத் தாண்டி ஏரி வரை போய்வர வேண்டும், தனியாக.

லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் பெரிய உடம்புக்காரன், நல்லவன், எதையும் முதலில் கிண்டல் செய்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வான். "இந்த வயசுல உனக்கு எதுக்குடி ஊர்வலம்? நான் வேணா லிஃப்ட்ல ஏத்திப் பத்தாவது மாடியில விடறேன், அங்கேருந்து பாரு, ஏரி தெரியும்," என்றான். பிறகு லீவு போட்டுவிட்டு அண்ணியோடு வந்துவிட்டான்.

இரண்டு நாளுக்கு முன்னால், கிளம்பும் காலையில் அண்ணனுக்கு எல்லாம் காட்டினாள். கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தும் பிடி எங்கே இருக்கிறது, பவுடர் எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம் வைக்கவேண்டும். பழைய டின் அன்றோடு தீர்ந்துவிட்டது. புதிய டின்னைச் சமையலறை அலமாரியில் எதிரிலேயே வைத்தாள். அப்பா அவளுடைய ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறக்கத்துல," என்றார். வார்த்தை வர நேரமாயிற்று. "பின் பிரேக். முதல்ல பின் பிரேக்."

"சரிப்பா. பின் பிரேக்."

"வேகம்... ஆசை காட்டும்."

*

பஸ் சாயங்காலம்தான் என்றாள் கடைக்காரப் பெண். விஷயத்தைக் கேட்டதும் வெளியே ஓடிப்போய் மலை ஏறும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தத் தொடங்கினாள். கடைசியில் ஒரு லாரி நின்றது. கோழிப்பண்ணைக்குக் காலிக் கூண்டுகளை ஏற்றிப் போகிற வண்டி. சைக்கிளைக் கூண்டுகளின் மேல் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டினார்கள். அவசரத்தில் அந்தப் பெண் டிரைவரிடம், "பாத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணே," என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை.

டிரைவருக்கு வாய் ஓயவில்லை.

"எதுக்குங்க இந்த வேதனை? பஸ்ல ஏறினா தூங்கிட்டே வந்து சேரலாம்."

"ஆசைதான்."

"நல்ல ஆசை! துப்பாக்கியைக் காட்டினாக்கூட இந்த மலையை நான் மிதிக்க மாட்டேன். என் வீட்டுக்காரிகிட்ட போய்ச் சொன்னா, எந்தக் கடையில என்ன குடிச்சுட்டு வந்தேன்னு கேப்பா." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். "அப்புறம் ஏன் பாதியிலயே திரும்பறீங்க? கால் வலியா?"

"ஆமா."

"அதான் பாத்தேன், முகமே சரியில்ல. உடம்பு சொல்றதைக் கேக்கணும்ங்க. வீட்ல யாரு இருக்கா?"

சின்னு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவள் காலையில் அழுத கல் பின்னால் போனது. சொன்னால் இவர் பேச்சை நிறுத்திவிடுவார். அதன் பிறகு அந்த நிசப்தத்தை வீடு வரை அவள்தான் சுமக்கவேண்டும். சொல்லாதவரை, அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நினைக்க இந்த உலகத்தில் ஒரு ஆளாவது இருப்பார்.

"அப்பா," என்றாள்.

"வயசானவரா?"

"ம்."

"உங்களைப் பாத்ததும் சந்தோஷப்படுவார், பாருங்க. பொம்பளைப் பிள்ளை வெளியூர் போயிருந்தா அப்பன்காரனுக்குத் தூக்கமே வராது. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. தெரியும்."

அதற்குப் பிறகு அவர் தன் இரண்டு மகள்களைப் பற்றியே வழி முழுவதும் பேசினார். மூத்தவள் எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பாளாம். இளையவள் அப்பா சட்டைப்பையில் எதையாவது எழுதி வைத்து அனுப்புவாளாம். சின்னு எல்லாவற்றையும் கேட்டாள். இடையிடையே "அப்படியா?" என்றுகூடச் சொன்னாள்.

*

பெரிய சாலையின் முனையில் அவர் இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வீடு வரை மிதித்தாள். தெருவில் திரும்பியதும் வாசலில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. அவற்றில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் நிறத்தில் பளீரென்ற சட்டை, கால்சட்டை, தலையில் ஹெல்மெட். அதைக் கழற்றவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

வாசற்படியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை.

"வந்துட்டியா மகாராணி? ஊரைச் சுத்தி முடிச்சாச்சா?" என்றாள். சொன்ன வேகத்திலேயே எழுந்து, சின்னுவை ஹெல்மெட்டோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஹெல்மெட்டின் விளிம்பு அவள் நெற்றியில் இடித்தது.

அப்பாவைக் கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்தார்கள். துவைத்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அவர் தலையை இடப்பக்கம்தான் வாருவார்; யாரோ வலப்பக்கம் வாரியிருந்தார்கள். சின்னு பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் சற்றே திறந்திருந்தது. மேல் பல் செட் ஒருபக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அவளே அளவெடுத்து, அவளே மெழுகில் அடுக்கி, அவளே தேய்த்துச் செய்த செட். கட்டைவிரலை உள்ளே விட்டு மேலே அழுத்தினாள். சரியாகப் போய் உட்கார்ந்தது. உதடு மூடிக்கொண்டது.

அண்ணன் ஜன்னலோரம் சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

"அண்ணா."

அவன் திரும்பினான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தான். கைநீட்டி அங்கே ஒட்டியிருந்த கோழி இறகு ஒன்றை எடுத்தான். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"முகம் கழுவிட்டு வா," என்றான். குரல் அவன் குரலாக இல்லை.

சமையலறையில் அண்ணி வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். சின்னு முகம் கழுவிவிட்டுத் துடைக்கத் துணி தேடினாள். அலமாரியைத் திறந்தாள். எதிரிலேயே பவுடர் டின் இருந்தது, அவள் வைத்த இடத்தில், அவள் வைத்த மாதிரியே. மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

விரலால் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தாள்.

"இதைப் பிரிக்கவே இல்லையா அண்ணி?"

காபி ஆற்றும் சத்தம் நின்றது. அண்ணி போய்க் கதவை ஒருக்களித்தாள். திரும்பி வந்து மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தும்.

"அழுதாரும்மா. நீ கிளம்பின அன்னிக்கே ஆரம்பிச்சுட்டார். தண்ணி, தண்ணின்னு. நல்லா இருக்கிற அந்த ஒரு கையை நெத்தி வரைக்கும் தூக்கி, உங்க அண்ணனைக் கும்பிட்டார். பெத்த அப்பா. பிள்ளையைக் கும்பிடறார். இவர் எழுந்து போய்த் தெருவுல நின்னுட்டு வந்தார். வந்து ஒரு ஸ்பூன் குடுத்தார். ஒண்ணும் ஆகல. மறுநாள் இன்னும் கொஞ்சம் குடுத்தார். அப்பவும் ஒண்ணும் ஆகல."

"உக்காரவெச்சுத்தானே?"

"அன்னிக்கெல்லாம் உக்காரவெச்சுத்தான்." அண்ணி துணியைப் பிழிந்தாள். "அவர் சிரிச்சார் சின்னு. குடிச்சுட்டு, வாயைத் தொடைச்சுக்காம, அப்படியே சிரிச்சார். நான் இந்தக் குடும்பத்துக்கு வந்ததுலேருந்து அவர் அப்படிச் சிரிச்சுப் பாத்ததில்ல."

"இன்னிக்கு?"

"நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். இவர் பக்கத்துல இருந்திருக்கார். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து கேட்டிருக்கார். ரெண்டு நாளா ஒண்ணும் ஆகலையேங்கிற தைரியம். தலையை மட்டும் கையில தாங்கி டம்ளரை வாயில வெச்சுட்டார்." அண்ணி துணியை மறுபடியும் பிழிந்தாள். "நான் கீழ வரும்போது முதுகைத் தட்டிட்டே இருந்தார். ரொம்ப நேரம் தட்டினார். நான் சொன்னேன், போதும்னு."

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"டாக்டர் மாரடைப்புன்னு எழுதிட்டுப் போயிட்டார். யாரும் எதுவும் கேக்கல. நீயும் கேட்டுடாதம்மா. நீ கேட்டா உங்க அண்ணன் இருக்க மாட்டார்."

சின்னு டின்னை எடுத்து அலமாரியின் உள்ளே, பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். கோபம் வந்தது. வந்த கோபம் அண்ணன் வரை போய்விட்டு, அங்கே நிற்க இடமில்லாமல் அவளிடமே திரும்பியது. ஏழு வருடம். அவரை உயிரோடு வைத்திருந்தாள். ஒருநாள்கூட அவர் அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. சிரிக்கும்படி அவள் ஒன்றும் கொடுத்ததும் இல்லை.

முகம் இன்னும் ஈரமாகவே இருந்தது. துடைக்காமலே வெளியே வந்தாள்.

அத்தை இப்போது கூடத்துக்குள் வந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக விவரம் கேட்க, அவளும் அண்ணனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஏதாவது சொன்னானாடா? எதுவும் கேட்டானா?"

அண்ணன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று யாருக்கும் புரியவில்லை.

"வாயைத் திறந்து சொல்லேன். போற நேரத்துல ஒரு வாய் தண்ணியாவது குடுத்தியா என் அண்ணனுக்கு?"

அண்ணன் வாயைத் திறந்தான். அவன் கன்னச்சதை இழுத்துக்கொண்டது. சொல்லிவிடப் போகிறான் என்று சின்னுவுக்குத் தெரிந்தது.

"தூக்கத்துல போனவருக்கு எப்படி அத்தை தண்ணி குடுக்கறது?" என்றாள்.

கேட்டவர்கள் "அதுவும் சரிதான்" என்பதுபோலத் தலையசைத்தார்கள். "புண்ணியவான்" என்றார் யாரோ. அவள் வந்ததிலிருந்து முதல் முறையாக அண்ணன் அவளை நேராகப் பார்த்தான். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சின்னு பார்வையை விலக்கிக்கொண்டு, அப்பாவின் வகிட்டை மாற்றி வார ஒரு சீப்பு தேடப் போனாள்.

*

மறுநாள் காலை அப்பாவைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபின் நாற்காலிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். மதியத்துக்குமேல் வீட்டில் அவர்கள் நான்கு பேர் மட்டும்தான்.

அத்தை ஊருக்குக் கிளம்பினாள். அண்ணி அவளை பஸ் ஏற்றிவிடக் கூடவே போனாள். வாசலில் நின்று அத்தை சின்னுவின் கன்னத்தைத் தடவினாள். நேற்றைய கோபம் அவளிடம் துளியும் இல்லை.

"நீ நல்லாப் பாத்துக்கிட்டே. யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. இனிமே உனக்கென்ன? எங்க வேணா போகலாம்."

"சரி அத்தை."

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை நின்றாள். ஏற்றம் மிதித்த வலி இப்போதுதான் தொடையில் இறங்கியிருந்தது. படியேறக் கைப்பிடி வேண்டியிருந்தது. பின்பக்கம் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்தாள். அப்பாவின் படுக்கை விரிப்பும் அதில் இருந்தது. மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அதை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே அப்பாவின் அறைப்பக்கம் போனவள், பாதி திறந்த கதவருகே நின்றுவிட்டாள்.

அண்ணன் அப்பாவின் கட்டிலில் படுத்திருந்தான். தலையணை இல்லை. கட்டிலைத் தட்டையாக இறக்கியிருந்தான். அவனுடைய பெரிய உடம்புக்குக் கட்டில் போதாமல் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வலக்கையை அசைக்காமல் பக்கத்தில் நீட்டிப் போட்டிருந்தான். இடக்கையில் ஒரு டம்ளர். கண்கள் விட்டத்தைப் பார்த்தபடி அதை மெல்ல வாயில் சாய்த்தான். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு முறை சாய்த்தான். இந்தத் தடவை தண்ணீர் கடைவாயில் வழிந்து கழுத்து வழியாகக் காதுக்குப் பின்னால் ஓடியது. இருமல் வந்தது. உடம்பு முழுவதும் குலுங்கியது. அவன் எழுந்திருக்கவில்லை. இருமலை அடக்கிக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான்.

சின்னு சத்தமில்லாமல் பின்வாங்கினாள். சமையலறைக்கு வந்தாள். விரிப்பை மேடைமேல் வைத்தாள். குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டு, காலிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே கேட்கும்படித் தொட்டிக்குள் போட்டாள்.

கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கதவருகில் வந்து நின்றான். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"வந்துட்டியா?" என்றான்.

"இப்பத்தான்," என்றாள் சின்னு, திரும்பாமல். "அத்தைக்கு உக்கார இடம் கிடைச்சிருக்குமான்னு தெரியல."

"கிடைச்சிருக்கும். மத்தியானத்துல கூட்டம் இருக்காது."

அவன் வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் கழுவிக் கழுவிக் கொடுத்த பாத்திரங்களை வாங்கி ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்தான். எல்லாம் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்கள்தான்.